ஹொண்டா சிடி125 இரட்டை சிலிண்டர்: இடது சைலன்சர் சூடாகல, ஏத்தத்துல இழுவை இல்ல

பென்லி_தலவாக்கலை

வணக்கம். வண்டி ஹொண்டா சிடி125 பென்லி. ஜப்பான் ரெக்கண்டிஷன், 12 வோல்ட், பொயின்ட் செட் (பொறிக்கு மின்சாரத்தை வெட்டுற சுவிட்ச்), ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேட்டர்.

காலைல ஸ்டார்ட் பண்ணினா வலது சைலன்சர் உடனே கொதிக்குது, இடது பக்கம் ஐந்து நிமிஷம் போயும் கை வைக்கிற சூடுதான். மழை, பனி நாள்ல இன்னும் மோசம். ரெண்டு பிளக்கும் கறுப்பா கரி பிடிக்குது, இடது ஈரமாவும் இருக்கு. நானுஓயா ஏத்தத்துல மூணாம் கியர் தாங்கல, ரெண்டுக்கு இறக்க வேண்டி வருது.

கடையில சொன்னது: பொயின்டைக் கழட்டிட்டு சிடிஐ (எலக்ட்ரொனிக் இக்னிஷன்), பெரிய காபரேட்டர், எயார் கிளீனர் பெட்டியை எடுத்துட்டு கோன் பில்டர். இது மூணும் சரிவருமா? இல்ல இருக்கிற காபரேட்டரையே டியூன் பண்ணினா போதுமா? ஸ்பேனர் செட், பீலர் கேஜ், மல்டிமீற்றர் வீட்டுல இருக்கு. வெளிச்சமும் பத்தல, எல்ஈடி பல்ப் போடலாமா?

லிந்துலை_ஸ்பேனர்

தம்பி, காபரேட்டர்ல இப்போதைக்குக் கை வைக்காதீங்க. ஒரே காபரேட்டர்தான் ரெண்டு சிலிண்டருக்கும் பெற்றோல் குடுக்குது. அதுல கோளாறுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கெடும். ஒரு பக்கம் மட்டும் ஆறிக் கிடந்தா காபரேட்டருக்கு அப்புறம் இருக்கிற எதுவோ காரணம்: பிளக், பிளக் கெப், வால்வு, கம்ப்ரஷன், இல்லாட்டி மெனிபோல்ட்ல (காபரேட்டர்ல இருந்து ஹெட்டுக்குப் போற குழாய்) அந்தப் பக்கக் கிளையில காத்து இழுக்கிறது.

முதல்ல ஒரு எச்சரிக்கை. எந்தச் சிலிண்டர் வேலை செய்யலன்னு பார்க்க ஓடுற வண்டியில ஒரு பிளக் கெப்பைக் கழட்டிப் பார்க்கிறது பழக்கம். இந்த வண்டியில அது செல்லாது. ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குது, ஒரே கொயில்ல இருந்து ரெண்டு வயர் வருது, ரெண்டு பிளக்கும் ஒரே நேரம் பொறி விடுது. மின்சாரம் ஒரு பிளக் வழியா ஹெட்டுக்கு இறங்கி மற்றப் பிளக் வழியாத் திரும்புது. ஒண்ணைக் கழட்டினா சுற்று அறுந்து நல்ல சிலிண்டரும் நின்னுடும், கொயில் உள்ளுக்கே பொறி பாஞ்சு கெட்டும் போகலாம். கழட்டித்தான் ஆகணும்னா அந்தக் கெப்ல இன்னொரு பிளக்கை மாட்டி, அதோட உடம்பு ஹெட்ல நல்லாத் தொடுற மாதிரி வச்சுட்டுப் பாருங்க.

சரியான சோதனை இது. இடது பிளக்கை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்துங்க. கெப்பையும் அதே மாதிரி. வயர் நீளம் எட்டினா வயரையே மாத்தி மாட்டலாம், ரெண்டும் ஒரே நேரம் பொறி விடுறதால டைமிங் பிசகாது. ஆறின பக்கம் வலதுக்குப் போயிட்டா பிளக், கெப், வயர் மூணுல ஒண்ணு. இடதுலயே நின்னா எஞ்சினுக்குள்ள பாருங்க.

நம்ம பனிக்கு கெப்தான் அதிகமாக் கெடும். ரப்பர் வெடிச்சு ஈரம் போனா பொறி பிளக் முனைக்குப் போகாம வெளியால ஹெட்டுக்குத் தாவும். இருட்டினதுக்கு அப்புறம் எஞ்சினை ஓட விட்டு கெப் மேல தண்ணியைப் பூவாளி மாதிரி தெளிச்சா நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். மல்டிமீற்றர்ல 5 கிலோ ஓம் கெப் 5க்குக் கிட்டக் காட்டணும், சுத்தமா அறுந்தோ 10க்கு மேலயோ காட்டினா வீசிடுங்க. புதுக் கெப் மாட்ட முன்ன வயர் முனையை 5, 6 மி.மீ. வெட்டி, பச்சை பிடிக்காத செம்பு தெரியிற இடத்துல திருகுங்க. பிளக் இடைவெளி 0.6 - 0.7 மி.மீ. பிளக் மரை 10 மி.மீ. தான், கையால முழுக்கத் திருகி, புது வாஷர்னா அதுக்கு மேல அரைச் சுற்று மட்டும். அலுமினிய ஹெட்ல மரை போனா திரும்ப மரை போடுற செலவு புது பிளக் பெட்டியே வாங்குற காசுக்கு மேல.

அடுத்தது டெப்பட், அதாவது வால்வுக்கும் அதை அமுக்குற ரொக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி. எஞ்சின் இரவு முழுக்க ஆறி இருக்கணும். உள், வெளி வால்வு ரெண்டுக்கும் 0.05 மி.மீ. பிளக் ரெண்டையும் கழட்டிட்டு ரோட்டரை (கிராங்க் முனையில உள்ள மின்னாக்கிச் சக்கரம்) முன்னோக்கிச் சுத்தி அதுல உள்ள 'டி' குறியைக் கோட்டுக்குக் கொண்டு வாங்க. அங்க ரெண்டு பிஸ்டனும் மேல இருக்கும், ஆனா ஒண்ணுதான் கம்ப்ரஷன்ல. எதுன்னு தெரிய உள் வால்வைக் கவனிங்க: உள் வால்வு இறங்கி ஏறி மூடினதுக்கு அப்புறம் வர்ற 'டி' குறிதான் அந்தச் சிலிண்டரோட கம்ப்ரஷன். அந்தச் சிலிண்டரோட ரெண்டு வால்வையும் சரி பண்ணிட்டு, ரோட்டரை ஒரு முழுச் சுற்று சுத்தி, மறுபடி 'டி' வந்ததும் மற்றச் சிலிண்டர். ரொக்கர் ஆடுதான்னு மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. வால்வு இறுகிக் கிடந்தா ஆடாது, தப்பான சுற்றுல சரி பண்ணிட்டு வால்வைத் திறந்தே விட்டுடுவீங்க.

சத்தம் வராம இருக்கணும்னு டெப்பட்டை இறுக்குறவங்க நிறையப் பேர். எஞ்சின் சூடானா அந்த இடைவெளி இன்னும் மாறும், வால்வு முழுசா மூடாம கம்ப்ரஷன் ஒழுகும், வெளி வால்வு விளிம்பு எரியும். மெல்லிசாக் கேக்குற டிக் டிக் சத்தம் இருக்கத்தான் வேணும்.

அதுக்கு அப்புறம்தான் பொயின்ட். இடைவெளி 0.3 - 0.4. ரோட்டர்ல உள்ள 'எப்' குறி (பொறி விடுற இடம்) கோட்டுக்கு வர்ற அதே நேரம் பொயின்ட் திறக்க ஆரம்பிக்கணும். பொயின்ட் வயருக்கும் உடம்புக்கும் நடுவுல சின்ன 12 வோல்ட் பல்ப் ஒண்ணைப் போட்டு, சாவியைத் திறந்துட்டு ரோட்டரைக் கையால சுத்துங்க, பல்ப் எரியிற இடம்தான் திறக்கிற இடம். பொயின்ட் கட்டை தேய்ஞ்சா இடைவெளி சுருங்கி டைமிங் பிந்தும், ஏத்தத்துல இழுவை போறதுக்கு அதுவும் ஒரு காரணம். கேமைத் தொடுற கம்பளித் துண்டுக்கு ஒரு பொட்டு கிரீஸ் வையுங்க. அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே விட வைக்கிறது) ஈரத்துல துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், விரலால விரிச்சு விட்டா ஸ்பிரிங் டக்குன்னு திரும்ப இழுக்கணும். பொயின்ட் முகம் கறுத்துக் குழி விழுந்திருந்தா கண்டென்சரையும் (பொயின்ட் எரியாமத் தடுக்கிற சின்ன உருளை) சேர்த்து மாத்துங்க.

இந்த வரிசையை மாத்தக் கூடாது. டெப்பட் மாறினா ஐட்லிங் மாறும், டைமிங் மாறினா காபரேட்டர் செட்டிங் மாறும். காபரேட்டரை முதல்ல தொட்டவர் அதைத் திரும்பவும் தொடத்தான் வேணும்.

நுவரெலியா_ஜெட்

லிந்துலை அண்ணே சொன்ன வரிசை சரி. ஆனா ரெண்டு பிளக்குமே கறுப்புன்னு தம்பி எழுதியிருக்கார். அந்தப் பகுதிக்கு உயரமும் காரணம்.

நுவரெலியா 1,868 மீற்றர். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 80 சதவீதம் அளவுதான். குளிரைக் கணக்குல எடுத்தாலும் கொழும்பை விடக் காத்தோட அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. காபரேட்டர் இந்தக் குறைவுல பாதியைத்தான் தானாச் சரிக்கட்டும், மிச்சப் பாதிக்கு பெற்றோல் கூடி கலவை 8, 9 சதவீதம் செறிவாகுது. தலவாக்கலை 1,200 மீற்றர் அளவு, அங்க 5, 6 சதவீதம். ஜப்பான்ல கடல் மட்டத்துக்குப் போட்ட ஜெட் (காபரேட்டர்ல பெற்றோல் போற சின்னத் துளை) இங்க கரி பிடிக்கத்தான் செய்யும்.

ஜெட்டுக்கு முன்ன எயார் கிளீனரைப் பாருங்க. பேப்பர் எலிமன்ட் தோட்டத்து மண் ரோட்டுத் தூசியும் மழை ஈரமும் சேர்ந்து அடைச்சிருந்தா உயரத்தை விட அதுவே கூடச் செறிவாக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க, பல்ப் தெரியலன்னா மாத்துங்க. அப்புறம் சோக் வயர் முழுசாத் திரும்புதா, மிதவைக் கிண்ணத்துல மட்டம் கூடி ஒழுகுதான்னு பாருங்க. மிதவை ஊசி முனையில வளையம் தேய்ஞ்சு தெரிஞ்சா அதுவும் மாத்த வேண்டியதுதான்.

அப்புறமும் கறுப்புன்னா மெயின் ஜெட். எண்ணை ஜெட்டுலயே குத்தியிருக்கும். உதாரணத்துக்கு 100 இருந்தா தலவாக்கலைக்கு 98, நுவரெலியாவுலயே ஓடுற வண்டிக்கு 95. ஒவ்வொரு படியா இறக்குங்க. சோதிக்கிறது இப்படி: எஞ்சின் நல்லாச் சூடானதும் ஏத்தத்துல முழு ரேஸ்ல ஓட்டி, கிளச்சைப் பிடிச்சு அந்த இடத்துலயே சாவியை மூடி ஓரமா நிறுத்தி பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வெள்ளைப் பீங்கான் பால் தேத்தண்ணி நிறத்துல இருக்கணும். ஐட்லிங்ல நின்னுட்டுப் பார்க்கிற பிளக் மெயின் ஜெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. பாதி ரேஸ்ல மட்டும் கறுப்புன்னா காபரேட்டர் ஸ்லைடுல தொங்குற ஊசியோட கிளிப்பை ஒரு காடி மேல மாத்துங்க, ஊசி கீழ இறங்கி கலவை மெலியும்.

ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருப்ப முன்ன அது எந்தப் பக்கம்னு பாருங்க. எஞ்சின் பக்கமா இருந்தா அது பெற்றோல் ஸ்க்ரூ, வெளிய திருப்பினா செறிவு. எயார் கிளீனர் பக்கமா இருந்தா காத்து ஸ்க்ரூ, வெளிய திருப்பினா மெலிவு. ஒண்ணரைச் சுற்றுல தொடங்கி, எஞ்சின் வேகம் கூடுற இடத்துல நிறுத்துங்க.

பண்டாரவளை_பட்டறை

கடைக்காரர் சொன்ன மூணைப் பத்தி.

சிடிஐ: ஒத்தைச் சிலிண்டர் வண்டியோட சிடிஐ பெட்டியை இதுல அப்படியே மாட்ட முடியாது. அதுக்கு தனி பிக்கப் கொயில் (பொறி விடுற நேரத்தை உணர்றது) வேணும், அட்வான்ஸ் வளைவும் வேற. ஒரே வயர் உள்ள கொயில்ல இருந்து ரெண்டு பிளக்குக்குப் பிரிச்சுக் குடுத்தா எந்தப் பிளக்ல பொறி சுலபமாப் பாயுதோ அதுல மட்டும்தான் பாயும். செலவழிக்கணும்னா பொயின்டை வெறும் சுவிட்சா வச்சுக்கிட்டு கொயில் மின்சாரத்தை ட்ரான்ஸிஸ்டர் தாங்குற பெட்டி நல்லது. பொயின்ட் எரியாது, கண்டென்சர் தேவையில்ல, பெட்டி கெட்டா ரோட்டோரத்துலயே பழைய முறைக்குத் திரும்பலாம். புதுக் கொயில் வாங்கினா ரெண்டு வயர் உள்ளது, பிரைமரி (பொயின்ட் பக்கச் சுற்று) 3 - 4.5 ஓம். 1 ஓம் கொயிலை வெறும் பொயின்ட்ல மாட்டினா பொயின்ட் கருகிடும்.

பெரிய காபரேட்டர், கோன் பில்டர் ரெண்டும் வேணாம். 44 மி.மீ. போர், 41 மி.மீ. ஸ்ட்ரோக், ஒரு சிலிண்டர் 62 சிசி. பெரிய வாய்ல காத்து வேகம் குறைஞ்சு, ஏத்தத்துல உங்களுக்குத் தேவையான கீழ் ரேஸ் இழுவைதான் முதல்ல போகும். கோன் பில்டர் நம்ம மழையில நனைஞ்சா மூச்சடைக்கும்.

ஏத்தத்துக்கு உண்மையாவே உதவுறது முன் ஸ்ப்ரொக்கெட்ல ஒரு பல் குறைக்கிறது. 15 பல் இருந்தா 14 போடுங்க, இழுவை 7 சதவீதம் கூடும், அதே அளவு மேல் வேகம் குறையும். செயின் எண் லிங்க்ல குத்தியிருக்கும், ஸ்ப்ரொக்கெட் அதே எண்ணுக்கு உள்ளதா இருக்கணும்.

எல்ஈடி போடலாம், ஆனா 6000 கெல்வின் வெள்ளை வேணாம். நானுஓயா பனியில அது முகத்துக்கே திரும்ப அடிக்கும். 3000 கெல்வின் மஞ்சள் பாருங்க. போட முன்ன ஹெட்லைட் வயர்ல வர்றது பற்றரி டிசியா, மின்னாக்கியில இருந்து வர்ற ஏசியான்னு மீற்றர்ல பார்த்துடுங்க. ஏசி வயர்ல டிசி பல்ப் நாள் தாங்காது.

இழுவையைக் கூட்ட முன்ன முன் பிரேக் ட்ரம்மையும் திறந்து பாருங்க. லைனர் கண்ணாடி மாதிரி மின்னினா 80 நம்பர் சாண்ட் பேப்பர்ல தேய்ச்சு எடுங்க, முகமூடி போட்டுட்டு. பழைய லைனர் தூசியில அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், காத்தடிச்சுத் துப்புரவாக்க வேணாம், ஈரத் துணியால துடையுங்க. ரம்பொடை இறக்கத்துக்கு அது முக்கியம்.

பென்லி_தலவாக்கலை

நன்றி அண்ணே எல்லாருக்கும். பிளக், கெப் மாத்திப் பார்த்தேன், இடது பக்கம்தான் இன்னமும் ஆறிக் கிடக்கு. ஆனா பழைய இடது கெப் 14 கிலோ ஓம் காட்டுது, ரெண்டையும் புதுசாப் போட்டாச்சு. டெப்பட் பார்த்தேன்: வலது ரெண்டும் 0.08, இடது உள் 0.06, இடது வெளி வால்வுல 0.03 பிளேடு கூட நுழையல. எயார் கிளீனர் முழுக்க சேறு, புதுசு ஒண்ணு எடுத்துட்டேன்.

லிந்துலை_ஸ்பேனர்

காரணம் அந்த வெளி வால்வுதான். வால்வு இருக்கை தேய்ஞ்சு வால்வு மேல ஏறி இடைவெளியை விழுங்கிடுச்சு. நாலையும் 0.05க்கு வையுங்க. லொக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும், அதனால இறுக்கினதுக்கு அப்புறம் பிளேடைத் திரும்பவும் நுழைச்சுப் பாருங்க.

அதோட நிறுத்தாம கம்ப்ரஷன் அளங்க. ரெண்டு பிளக்கையும் கழட்டி, 10 மி.மீ. மரை உள்ள கேஜ் மாட்டி, ரேஸை முழுக்கத் திறந்து ஊசி ஏறாம நிக்கும் வரைக்கும் செல்ப் அடிங்க. கழட்டின கெப் ரெண்டுலயும் பிளக் மாட்டி ஹெட்ல தொட வையுங்க, கொயிலுக்காக. மேனுவல்ல உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படாதீங்க, அது கடல் மட்டத்துக்கு, தலவாக்கலையில 13 சதவீதம் அளவு குறைவாத்தான் காட்டும். நீங்க பார்க்க வேண்டியது ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். 10 சதவீதத்துக்குள்ளன்னா அப்படியே ஓட்டலாம். 15க்கு மேலன்னா இடது சிலிண்டருக்குள்ள ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப அளங்க. ஏறினா ரிங், ஏறலன்னா வால்வு. வால்வுன்னா ஹெட்டைக் கழட்டி இருக்கையைத் தேய்ச்சு எடுக்கணும். அதைப் பட்டறைக்குக் குடுக்கலாம், ஹெட்டைக் கழட்டுறதும் மாட்டுறதும் மட்டும் வீட்டுல.

500 கிலோமீற்றர் ஓடினதும் அந்த வால்வைத் திரும்ப அளங்க. மறுபடி இறுகியிருந்தா இருக்கை இன்னும் தேயுது, ஹெட் வேலையைத் தள்ளிப் போட வேணாம்.

நுவரெலியா_ஜெட்

எயார் கிளீனர் அவ்வளவு அடைச்சிருந்ததுன்னா ஜெட்டை இப்போதைக்கு மாத்தாதீங்க. புது எலிமன்டோட ஒரு டாங்க் பெற்றோல் ஓட்டிட்டு பிளக் நிறத்தைப் பாருங்க, கறுப்பு போயிருக்கவும் கூடும். 92 ஒக்டேன் போதும், 95 போட்டா இந்த எஞ்சினுக்கு ஒண்ணும் கூடாது.

ஜெட்டை இறக்கித்தான் ஆச்சுன்னா ஒண்ணை மறக்காதீங்க. கினிகத்தேனை தாண்டி கித்துல்கலை பக்கம் இறங்கிக் கொழும்பு வரைக்கும் போற பயணத்துக்கு பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டுட்டுப் போங்க. மேல சரியா இருக்கிற 95 கீழ மெலிஞ்சு எஞ்சினைச் சூடாக்கும், முழு ரேஸ்ல நீண்ட நேரம் ஓட்டினா பிஸ்டன் உருகுற அளவுக்கும் போகும். கழட்டின ஜெட்டை ஒரு சின்ன டப்பாவுல போட்டு டூல் பெட்டியிலயே வையுங்க. மிதவைக் கிண்ணத்தைக் கழட்டினா மாத்துறதுக்குப் பத்து நிமிஷம்.

கம்ப்ரஷன் எண் வந்ததும் ரெண்டு பக்கத்தோடதும் இங்கயே போடுங்க.