கேத்ரி செப்புச் சுரங்கத்துக் கற்கள்: ஒரே சுரங்கத்தில் இத்தனை நிறங்கள் எப்படி?

குடியாத்தத்துக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மனைவியின் தாய்மாமா ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்திலுள்ள கேத்ரி செப்புச் சுரங்கத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடியாத்தத்துக்கே திரும்பி வந்து காலமானவர். இந்தப் போகிக்குப் பரணை ஒழித்தபோது அவருடைய பழைய பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே இந்தி நாளிதழில் சுற்றிய நான்கு பொட்டலங்கள் இருந்தன.

முதலாவது பித்தளை நிறத்தில் மின்னுகிற, அளவுக்கு மீறிக் கனக்கிற கல். அதன் ஒரு பக்கம் மட்டும் மயில்கழுத்து நிறத்தில் இருக்கிறது. இரண்டாவது துருப்பிடித்ததுபோல் பழுப்பேறிய கல். அதன்மேல் பாசி படர்ந்தாற்போலப் பச்சைப் படலம் உள்ளது. மூன்றாவது ஒரு காலத்தில் நீலப் படிகமாக இருந்திருக்க வேண்டும்; இப்போது பாதி வெளிறிப் பொடியாகிவிட்டது. நான்காவது வெள்ளிபோல் பளபளக்கும் மணிகளைக் கொண்ட சிறு கல், ஓரத்தில் ரோஜா நிறத் தூள் பூத்திருக்கிறது. நான்கும் கேத்ரிப் பகுதியைச் சேர்ந்தவை என்று பொட்டலத்தின்மேல் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே இடத்துச் செம்பு இத்தனை நிறங்களில் எப்படிக் கிடைக்கிறது? இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். பேரணாம்பட்டுப் பக்கத்துக் குன்று ஒன்றில், பாறை வெடிப்புகளில் இதே போன்ற பச்சைப் பூச்சு தெரிகிறது. அங்கும் செம்பு இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கல்லிலும் ஒரு துண்டு கைவசம் இருக்கிறது.

பழைய சுரங்கத்தான், காட்பாடி

வணக்கம் ஐயா. எங்கள் குடும்பமும் வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்களில் ஒன்றுதான். அங்கே பிறந்து வளர்ந்து, பிறகு செப்புச் சுரங்கங்களில் நிலவியல் பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் டப்பாவில் இருப்பவற்றில் முதல் மூன்றும் ஒரே தாதுவின் மூன்று பருவங்கள். தாய்ப்பொருள் அந்தப் பித்தளை நிறக் கல்தான். அதன் பெயர் சால்கோபைரைட். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த கனிமம் அது; தூய நிலையில் எடையில் 34.6 சதவீதம் செம்பு. கேத்ரி வட்டாரத்தில் வடக்கே சிங்கானாவிலிருந்து தெற்கே ரகுநாத்கட் வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்குச் செப்புப் பட்டை ஓடுகிறது. ஆரவல்லியின் மிகப் பழைய மணலும் களிமண்ணும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிக் கெட்டியான குவார்ட்சைட்டாகவும் ஏடு ஏடாகப் பிரியும் சிஸ்ட் பாறையாகவும் ஆகியிருக்கின்றன. அந்தப் பாறைகளுக்கிடையே, குறிப்பாகக் கார்னெட்டும் குளோரைட்டும் கலந்த சிஸ்ட்டில், தாது நீண்ட வில்லைகளாகவும் மெல்லிய நரம்புகளாகவும் படிந்திருக்கிறது. (குளோரைட் என்று நான் சொல்வது பச்சை நிறமுள்ள, மைக்காவைப் போல ஏடு ஏடாகப் பிரியும் ஒரு கனிமத்தை. உப்பிலுள்ள குளோரைடோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் எல்லோரும் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள்.)

சால்கோபைரைட்டோடு பைரைட், பிர்ரோடைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமங்களும் கூடவே வரும். பிர்ரோடைட்டைக் காந்தம் இழுக்கும் என்பதால், உங்கள் கல்லருகே காந்தத்தைக் கொண்டுபோனால் லேசாக ஒட்டக்கூடும். மயில்கழுத்து நிறம் தனிக் கனிமமாக இருக்க வேண்டியதில்லை. காற்றுப்பட்டு மேற்பரப்பில் உண்டான மிக மெல்லிய படலமும் அந்த நிறத்தைக் காட்டும்.

இப்போது பச்சைக்கு வருகிறேன். தாது நிலத்தின் மேல்மட்டத்தில் இருக்கும்போது மழைநீரும் காற்றும் அதை விட்டுவைப்பதில்லை. பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் செம்பைக் கரைக்கிறது. இரும்பு கரையாமல் துருவாக அங்கேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் செப்புத் தாது உள்ள இடங்களில் நிலத்தின்மேல் காவியும் பழுப்புமான, பொருக்குத் தட்டிய பாறை மூடி தெரியும். அந்தக் காலத்துச் சுரங்கத்தார் அதைப் பார்த்துத்தான் குழி தோண்டினார்கள். கரைந்த செம்பு, நீரிலுள்ள கார்பனேட்டோடு சேர்ந்தால் பச்சை மாலகைட்டாகவும், சில சமயம் நீல அசுரைட்டாகவும் படிகிறது. நம் வீட்டுச் செம்புக் குடத்தில் ஏறும் களிம்புக்கு நெருங்கிய உறவு இந்த மாலகைட். மாலகைட்டில் செம்பு 57.5 சதவீதம் உண்டு.

கரைந்த செம்பில் ஒரு பகுதி இன்னும் கீழே இறங்கி, ஆக்சிஜன் எட்டாத நிலத்தடி நீர்மட்டத்துக்கு அடியில் சால்கோபைரைட்டைச் சந்திக்கும்போது, சால்கோசைட் என்ற கருநிறக் கனிமமாக மாறுகிறது. அதில் செம்பு 79.8 சதவீதம். ஆக, மேலே துருவும் பச்சையும், நடுவில் கருப்பு, அடியில் பித்தளை மஞ்சள் என்ற அடுக்கு செப்புச் சுரங்கங்களுக்குப் பொதுவான ஒன்று. ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு தடிமன் என்பது அந்தந்த இடத்து மழை, நிலத்தடி நீர், பாறை ஆகியவற்றைப் பொறுத்தது.

கேத்ரியில் தோண்டி எடுக்கும் பாறையில் செம்பு 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒரு டன் பாறையில் 10 கிலோ செம்பு என்று வைத்துக்கொண்டால், அதற்குள் ஏறத்தாழ 29 கிலோ சால்கோபைரைட் இருக்கிறது. மிச்சமெல்லாம் வெறும் பாறை. உங்கள் மாமா பொறுக்கி வைத்த கல் சுரங்கத்தில் தினமும் கண்ணில் படுகிற கல் அல்ல. ஆசையாகத் தேடி எடுத்தது.

கல்வெட்டுப் பிரியன், வேலூர்

மேலே எழுதியவருக்கு நன்றி. ஒரு சிறு திருத்தம் மட்டும். பச்சைப் படலம் என்றாலே பூமியின் பழைய மேல்மட்டம் என்று கொள்ளத் தேவையில்லை. சுரங்கச் சுவரிலும் வெளியே கொட்டிய கழிவுக் குவியலிலும், மழையும் காற்றும் பட்டால் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பச்சை பூத்துவிடும். கேத்ரியில் மேல்மட்டத்துத் தாதுவை முன்னோர் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியிருக்கிறார்கள். பக்கத்துச் சீகர் மாவட்டத்தின் கணேஷ்வரில் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த அம்பு முனைகள், தூண்டில் முட்கள், உளிகள், வளையல்கள் என்று செம்புப் பொருள்கள் ஆயிரத்துக்கும் அதிகமாகக் கிடைத்தன. ஹரப்பா நகரங்களுக்குச் செம்பு போன வழிகளில் இந்தப் பகுதியும் ஒன்று என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

உங்கள் மூன்றாவது பொட்டலம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் என்ற செம்பு உப்பு; சித்த மருத்துவர்கள் துருசு என்பார்கள். கேத்ரியில் 19ஆம் நூற்றாண்டில் சுரங்கத்துச் சிதைந்த சிலேட்டை நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் காய்ச்சித் துத்தமும் படிகாரமும் எடுத்து விற்றார்கள். துத்தப் படிகத்துக்குள் நீர் கட்டுண்டு இருக்கிறது. வறண்ட காற்றில் அந்த நீர் வெளியேற, நீலம் வெளிறிப் பொடியாகிறது. அது நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நான்காவதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வெள்ளி மணியும் ரோஜாத் தூளும் சேர்ந்தால் அது கோபால்ட் உலோகத்தின் தாதுவான கோபால்டைட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கேத்ரிக்கு அருகே பாபாய் என்னும் ஊரில் கோபால்ட் தாது எடுத்து, ‘சேதா’ என்ற பெயரில் ஜெய்ப்பூருக்கு அனுப்பினார்கள். அந்நகரத்து நகைகளில் இழைத்த நீல எனாமலுக்கு அன்று அதுவே மூலப்பொருளாக இருந்தது. வெள்ளி நிறத் தாதுவிலிருந்து நீலம் வருவதும், அதே தாது காற்றில் சிதைந்தால் ரோஜா நிறமாவதும் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அதில் ஆர்சனிக் இருக்கிறது. தொட்டால் கையைக் கழுவுங்கள்; சூடாக்கவோ பொடிக்கவோ வேண்டாம்.

பழைய சுரங்கத்தான், காட்பாடி

திருத்தத்தை ஏற்கிறேன், கழிவுக் குவியலை நான் மறந்துவிட்டேன். கோபால்ட் விஷயமும் சரியாகவே படுகிறது.

பேரணாம்பட்டுக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். நம் பக்கத்துக் குன்றுகள் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் ஆகிய பாறைகளால் ஆனவை. அவற்றின் வெடிப்புகளில் எபிடோட் என்ற கனிமம் பிஸ்தாப் பருப்பின் பச்சையில் படியும். அதில் இருப்பது கால்சியமும் அலுமினியமும் இரும்பும் சிலிக்காவும், செம்பு அல்ல. குளோரைட்டும் அப்படியே. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ஒரு ஆணி போதும்.

இரண்டு கற்களிலிருந்தும் பச்சையை மட்டும் தனித்தனியாகச் சுரண்டி, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியை ஒவ்வொன்றிலும் போடுங்கள். செம்பு கரைந்திருந்தால் ஆணியின்மேல் செந்நிறம் ஏறும். இரும்பு கரைந்து அந்த இடத்தில் செம்பு படிகிறது. வேல்ஸ் நாட்டுப் பாரிஸ் மலைச் சுரங்கத்தில் 18ஆம் நூற்றாண்டில் இதையே பெரிய தொட்டிகளில் செய்தார்கள். சுரங்க நீரில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பை அள்ளினார்கள். நான்காவது கல்லை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். ஊறிய நீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

குடியாத்தத்துக்காரன்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன். கேத்ரிக் கல்லின் பச்சை ஊறிய வினிகர் மறுநாள் வெளிர் நீலப் பச்சையாக மாறியிருந்தது. அதில் போட்ட ஆணி அரை மணி நேரத்துக்குள் புதுச் செம்புக் கம்பியைப் போலச் சிவந்துவிட்டது; துணியால் துடைத்தால் நிறம் துணியில் ஒட்டுகிறது. பேரணாம்பட்டுக் கல்லின் பச்சை வினிகருக்கு அசையவே இல்லை, அடியில் மணலாகத் தங்கிவிட்டது. ஆணியும் இரவு முழுவதும் கிடந்து சற்றுக் கறுத்ததே தவிரச் சிவக்கவில்லை. காந்தம் முதல் கல்லின் ஒரு மூலையில் மட்டும் ஒட்டியது.

துத்தத்தையும் ரோஜாத் தூள் கல்லையும் மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். ஊரில் செம்புப் பேச்சை எடுப்பவரிடம் இரண்டு ஆணிகளையும் காட்டினேன். “வினிகர் பழசாக இருந்திருக்கும்” என்கிறார்.