நிட்டினால் (Nitinol) கம்பிக்கு ஷேப் செட் பண்ண, அதாவது சூடு பட்டா திரும்ப வர வேண்டிய வடிவத்தப் பதிய வைக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மோட்டார் இல்லாம மூடித் திறக்குற ஒரு சின்ன வால்வு பண்றேன், அதுக்கு 0.5 மிமீ நிட்டினால் கம்பி வாங்குனேன், நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கலந்த அலாய். எப்படி வளைச்சாலும் சுடுதண்ணில போட்டா சட்டுனு நேரா நிமிர்ந்துக்குது, எங்கம்மா பாத்துட்டு உள்ள ஏதோ உசுரு இருக்குடான்னு தள்ளி நின்னுட்டாங்க 😄

ஆனா எனக்கு வேண்டியது ஸ்பிரிங் ஷேப். அதுக்கு கம்பிய போல்ட்ல இறுக்கிச் சுத்தி ரெண்டு முனையும் கட்டி சுமார் 500 டிகிரில 10 நிமிஷம் வச்சு உடனே தண்ணில போடணும்னு படிச்சேன். நான் கேஸ் அடுப்புல காட்டுனேன், ஒரு பக்கம் செக்கச்செவேல்னு ஆச்சு இன்னொரு பக்கம் ஒண்ணுமே ஆகல, இப்ப சூடு பண்ணா பாதி சுருளுது பாதி தொளதொளன்னு கெடக்குது. அதிக சூட்டுல அந்தப் பக்கம் கெட்டுப் போச்சா, இல்ல திரும்ப செட் பண்ணலாமா?

கோயம்புத்தூர் பக்கம் மஃபிள் ஃபர்னஸ் (எல்லாப் பக்கமும் ஒரே சூடு குடுக்குற மூடின உலை) அரை மணி நேரம் குடுக்குற லேப், பட்டறை எதாவது தெரியுமா? எங்க காலேஜ்ல இருக்கறது ரிப்பேராம், கேட்டா அடுத்த வாரம் அடுத்த வாரம்னே சொல்றாங்க.

அப்புறம் இன்னொண்ணு, கம்பில ஈயம் பத்தவே மாட்டேங்குது, மேல டைட்டானியம் ஆக்சைடு படலம் இருக்கறதாலயாம். கிரிம்ப் பண்ணா, அதாவது சின்ன உலோகக் குழாய்க்குள்ள விட்டு நசுக்கிப் பிடிச்சா, சூடாக்க கரண்ட் குடுக்கறப்ப லூஸ் ஆகாம நிக்குமா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்கண்ணா, ரிவ்யூக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கு 🙏