ஹார்ட் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் சுகர் தெரிந்தது: உங்களுக்கும் நடந்ததா?

நெல்லை மகள்:
அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து ரீஹேப் (ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பைத் தேற்றும் பயிற்சி) போய்க்கொண்டிருந்த நேரம். வார்டில் விரலில் குத்தும்போதெல்லாம் 180, 190 என்று வந்தது. "ஸ்ட்ரெஸ் சுகர்மா, தானா இறங்கிடும்" என்றார்கள். இறங்கவும் செய்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் வயிற்றில் 98, அவ்வளவுதான். ரீஹேப் டாக்டர் அந்தத் தாளைப் புரட்டிவிட்டு, "குளுக்கோஸ் குடிக்க வெச்சுப் பார்த்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் பாதி டம்ளரிலேயே குமட்டியது. நர்ஸ் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து கொடுத்ததும் மடக் மடக்கென்று குடித்தார். இரண்டு மணி நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரிசல்ட் 224. இன்னொரு நாள் எடுத்ததும் 200-ஐத் தாண்டியது, சர்க்கரை நோய்தான் என்றார்கள். "நெஞ்சையே திறந்து பார்த்தாங்களே, இது அப்போ தெரியலையாம்மா?" என்றார் அப்பா. அவருக்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

கோவை நர்ஸ்:
ஸ்ட்ரெஸ் சுகர் என்று சொன்னதில் பொய்யில்லை சகோதரி. மாரடைப்பு, ஆபரேஷன் சமயத்தில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறும், கூடவே சுகரும் ஏறும். அதை மட்டும் வைத்து சர்க்கரை நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

என் மனதை விட்டுப் போகாதவர் ஒரு ஆட்டோ ஓட்டுநர். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். சுகர் இல்லை என்றுதான் சொன்னார். ரீஹேப்புக்கென்று புது ஷூ வாங்கிப் போட்டு வந்திருந்தார். ஒரு நாள் நொண்டாமலே நடந்து வந்து உட்கார்ந்தவரின் சாக்ஸைக் கழற்றினால், சுண்டுவிரல் பக்கம் தோலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஷூ கடித்து ரத்தம் காய்ந்திருக்கிறது. அவர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார், வலியே தெரியவில்லை. ஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்தோம், 9-க்கு மேல். சுகர்தான் கால் நரம்பை மரத்துப்போக வைத்திருந்தது.

திருச்சி பைபாஸ்காரன்:
நர்ஸம்மா, ஏ1சி ஒன்றை வைத்து எல்லாருக்கும் தெரிந்துவிடாது. எனக்கு ஆபரேஷனில் ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் எடுத்த ஏ1சி 5.5. வீட்டில் பாயசமே வைத்துவிட்டார்கள்! ரீஹேப்பில் குளுக்கோஸ் டெஸ்டில் இரண்டாவது மணி நேரம் 172. 140-க்கும் 200-க்கும் நடுவில் என்றால் நோயின் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம்.

எல்லாரும் கவனிக்க வேண்டியது: ரத்தம் ஏற்றியிருந்தால் ஏ1சி குறைத்துக் காட்டலாம், இரும்புச்சத்து குறைவான சோகை இருந்தால் கூட்டிக் காட்டலாம். டெஸ்டுக்கு முன் மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிடுங்கள், பயந்து பட்டினி கிடக்காதீர்கள். ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்று கேள்விப்பட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கு அதனால் கிடைக்கும் நன்மை பெரிது. சுவீடனில் மாரடைப்பு வந்த, சுகர் இருப்பதாகத் தெரியாத 181 பேரிடம் செய்த ஆய்வு 2002-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. டிஸ்சார்ஜ் சமயத்தில் குளுக்கோஸ் டெஸ்ட் செய்ததில் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய், இன்னொரு மூன்றில் ஒருவருக்கு வாசல்நிலை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பெரிய மாற்றமில்லை. எல்லாவற்றையும் ஸ்ட்ரெஸ் என்று தள்ளிவிட முடியாது. சாப்பாட்டுக்கு அப்புறம் நடங்கள், இடுப்பளவைக் குறித்து வையுங்கள், கண்ணையும் காட்டிவிடுங்கள்.

நெல்லை மகள்:
நன்றி அண்ணா, அப்பா நடக்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: டிஸ்சார்ஜ் ஆகும்போதே மறுபரிசோதனைத் தேதி எழுதி வாங்கினவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சேலம் மருமகள்:
என் அத்தைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரீஹேப் அட்டையில் மாத்திரைப் பட்டியலுக்கு மேலேயே, சிவப்பு மையில், மூன்றாவது மாதத் தேதி, "75 கிராம், வெறும் வயிற்றில் வரவும்" என்று. போனோம். 128 வந்தது, நார்மல். அடுத்த வருஷத் தேதியையும் அப்போதே எழுதிவிட்டார்கள்.