ஆடியில் கழிப்பறைக் குழிக்குள் தண்ணீர் ஏறுகிறது, ஈக்கோசான் கட்டலாமா?

கொல்லைக்கிணறு:
திருச்சி மாவட்டம், காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. மானியத்தில் கட்டிய இரட்டைக் குழிக் கழிப்பறை இருக்கிறது. கோடையில் ஒரு குறையும் இல்லை. மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓட ஆரம்பித்தால் நிலத்தடி நீர் ஐந்தடிக்கு வந்துவிடும். குழியில் தண்ணீர் ஊறி, ஊற்றுவது இறங்காமல் கோப்பையிலேயே நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குழிக்கும் கிணற்றுக்கும் இருபதடிதான். போன ஆடியில் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாடை. அம்மா அதில் குடம் நனைப்பதையே விட்டுவிட்டார்.

முசிறிப் பக்கம் ஈக்கோசான் என்று, தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் போடும் கழிப்பறை கட்டியிருக்கிறார்களாமே? நாற்றம் வருமா? அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி. அப்புறம் முக்கியமான கேள்வி: நிறைந்தால் யார் அள்ளுவது?

வாழைக்கொல்லை:
எங்கள் வீட்டில் ஒன்பது வருடமாக அதுதான். முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2006-லேயே சமுதாயக் கழிப்பறையாகக் கட்டி, போய் வருபவர்களுக்கு ஒரு தடவைக்கு 10 பைசா கொடுத்தார்கள். நாம் காசு கொடுத்துப் போன காலத்தில் இது தலைகீழ். போய்ப் பாருங்கள்.

குழியே கிடையாது. தரைக்கு மேல் இரண்டு அறை, அடியில் கான்கிரீட். நிலத்தடி நீருக்கும் மலத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. மேலே கோப்பையில் மூன்று வழி: மலம் அறைக்குள், சிறுநீர் குழாய் வழியாகப் பானைக்கு, கால் கழுவும் தண்ணீர் தனியாகக் கல்வாழைப் பாத்திக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். ஈரம் போனால் நாற்றமும் போய்விடும்.

ஈரம் சேர்ந்தால்? தங்கை கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள் பழக்கதோஷத்தில் மலம் விழும் ஓட்டையிலேயே சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் புழு. ஒரு மூட்டைச் சாம்பல் கொட்டித்தான் அடக்கினேன். அன்றிலிருந்து ஓட்டைக்கு மூடி உண்டு. விருந்தாளிக்கு முதலில் காப்பி, அப்புறம் வகுப்பு.

சிறுநீரைத் தண்ணீர் கலந்து வாழைக்கு விடுகிறேன். யூரியா பாதியாகக் குறைந்துவிட்டது.

பழையகொத்தனார்:
கட்டும்போது மூன்று இடத்தில் ஏமாறாதீர்கள். அறையின் உள்பக்கம் முழுக்கப் பூச வேண்டும். சிறுநீர்க் குழாய்க்கு வாட்டம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் உப்புப் படிந்து அடைக்கும். அள்ளும் கதவை வெயில் விழும் பக்கம் வைத்துத் தார் பூசுங்கள். அறை உயரத்தால் நான்கைந்து படி வரும். அம்மாவுக்காகப் படியைத் தாழ்வாக, அகலமாக வைத்து, பிடித்து ஏறக் குழாய்க் கம்பி போடுங்கள்.

ஈக்கோசான் சரிவராது என்று நினைத்தால், பழைய குழியையாவது கிணற்றிலிருந்து பத்து மீட்டர் தள்ளி மேடு கட்டிப் போடுங்கள். இருபதடி தப்பு.

கொல்லைக்கிணறு:
நன்றி ஐயா. அண்ணா, அள்ளுவது யார் என்பதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே? ஊரில் இதற்கென்று ஒரு தெருவைக் கைகாட்டுகிறார்கள்.

வாழைக்கொல்லை:
நான்தான் அள்ளுகிறேன், தம்பி. அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் கட்டாதீர்கள். அந்தத் தெருவில் ஒருவரைக் கூப்பிட்டு இறக்கினால் மனிதர் கையால் மலம் அள்ளிய பழைய உலர்கழிப்பறைக் காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். மனிதரை வைத்து மலம் அள்ள வைப்பது 2013 சட்டப்படி குற்றமும்கூட.

எங்கள் ஐந்து பேருக்கு ஓர் அறை நிறையக் கிட்டத்தட்ட ஒரு வருடம். மூடிவிட்டு அடுத்ததற்கு மாறுவோம். மூடியதை ஒரு வருடம் முழுசாகத் தொடுவதில்லை; குடற்புழு முட்டை லேசில் சாகாது. முதல் தடவை கதவைத் திறக்கும்போது கை நடுங்கியது உண்மை. உள்ளே காய்ந்த எருக்குழி மண் மாதிரி இருந்தது. கையுறை போட்டு மண்வெட்டியால் எடுத்து, தென்னைக்கு வட்டம் வெட்டிப் புதைத்தேன். கீரைக்குப் போடுவதில்லை.

கொல்லைக்கிணறு:
சரி, அப்படியென்றால் நானே அள்ளுகிறேன். அம்மாவிடம் சொன்னேன், சிரித்தார். ஆனால் வீட்டில் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது?

வாழைக்கொல்லை:
அரிசி ஆலையில் உமிச் சாம்பல் கிடைக்கும், சாக்கோடு போங்கள். நன்றாக ஆறியதைப் பார்த்து அள்ளுங்கள். என் முதல் சாக்கு வண்டியிலேயே புகைய ஆரம்பித்துவிட்டது.