சின்னாருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கேரளாவில் மறையூர் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரைச் சின்னார் சரணாலயத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போக நினைக்கிறோம். உடுமலைக்குப் போகையில் பஸ் ஜன்னலில் பார்த்த காடுதான். இறங்கி நடந்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு.

மழைமறைவுப் பகுதி என்று பாடத்தில் படிக்கிறார்கள். இங்கே அது கண்ணெதிரே கிடக்கிறது. மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் முள்காடு காய்ந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதற்குப் பிழைப்பு. ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது ஓங்கி நிற்கிறது. சாம்பல் மலை அணில் அங்கேதான் மரத்துக்கு மரம் தாவி வாழ்கிறது. இலையும் குச்சியும் வைத்து உச்சிக் கிளையில் கூடு கட்டும். நடுவில் மரங்கள் போய்விட்டால் அதன் பாதையே அறுந்துவிடும். இதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை.

பள்ளிப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் எந்த அலுவலகத்தில், எவ்வளவு முன்கூட்டிக் கொடுத்தீர்கள்? கட்டணத்தில் சலுகை உண்டா? முப்பது பேரையும் ஒரே குழுவாக விடுவார்களா, பிரித்துத்தான் அனுப்புவார்களா? வழிகாட்டியாக வரும் முதுவர் பழங்குடி அண்ணன்மார் யாராவது பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுபவராக இருந்தால், அவரையே கேட்டு வாங்க முடியுமா?

இன்னொன்று. ஒரு பிள்ளை ஊன்றுகோல் வைத்து நடப்பவள். அவளை விட்டுவிட்டுப் போக மனசில்லை. செக்போஸ்ட் பக்கத்தில் அவளுக்குத் தோதான தடம் எது?

பைனாகுலர் இரவல் கிடைத்தால் பெரிய உதவி. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னே போக வேண்டும்.