புதுப்பிப்பு: கத்திரி நாற்றுக்கு எந்த எல்இடி வாங்கினேன்?

வேலூர் சத்துவாச்சாரியில் வெயில் எட்டாத ஹாலில் இலவம்பாடி முள்ளு கத்திரி நாற்று விட எந்த விளக்கு நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். செடிக்கென்றே விற்கும் ஊதாவா (சிவப்பும் நீலமும் கலந்தது), வெள்ளையா என்று இரண்டு கட்சியாகப் பதில் சொன்னீர்கள். வெள்ளைதான் வாங்கினேன்: 20 வாட், 6500 கெல்வின் (லேசாக நீலம் கலந்த வெள்ளை நிறம்), சாதாரண எல்இடி டியூப் லைட்.

செடி பயன்படுத்துவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள (நீலம் முதல் சிவப்பு வரை) ஒளி. வெள்ளை எல்இடியின் ஒளி பெரும்பாலும் அதற்குள் அடங்கும். நடுவிலுள்ள பச்சையும் வீணில்லை. ஊதாவில் இலை கறுப்பாகத் தெரியும், பூச்சி வந்தாலும் கண்ணில் படாது. (வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு ஒரு மாதிரி பார்ப்பார்கள்.)

பெட்டியில் உள்ள லூமென் (வெளிச்ச அளவு) நம் கண்ணுக்கான கணக்கு, செடிக்கானது இல்லை. அதைவிட விளக்கு செடிக்கு மேல் தொங்கும் உயரம்தான் விஷயம். ஒரு அடிக்கு மேல் தொங்கியபோது தண்டு நெடுநெடுவென்று இழுத்தது. அரை அடிக்கு இறக்கியதும் புது இலைகள் நெருக்கமாக வந்தன. டைமரில் 14 மணி நேரம் எரிகிறது, நாளைக்கு 0.28 யூனிட், அவ்வளவுதான்.

காய்க்கும்வரை உள்ளேயே வைக்கலாமா என்று கேட்டவருக்கு: இந்த விளக்குக்கு அந்தத் தெம்பு கிடையாது. நாலைந்து இலை விட்டதும் மாடிக்குத்தான். ஆனால் நம்ம வேலூர் வெயிலில் நேரே வைக்காமல், முதலில் சில நாள் நிழல்வலைக்கு அடியில் பழக்குங்கள்.