புதியவர்களுக்கு அண்டர்ஸ்டேபிள் மிட்ரேஞ்ச்: எதை எடுப்பது?

நண்பர்களே, டிஸ்க் கோல்ஃப் (டிஸ்க்கை வீசிக் கூடையில் சேர்க்கும் விளையாட்டு) இப்போதுதான் தொடங்கும் ஆறு பேருக்கு ஒரே மாதிரி மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கான டிஸ்க்) தேவை. அது அண்டர்ஸ்டேபிளாக, அதாவது பறக்கையில் எளிதில் வலப்பக்கம் திரும்புவதாக இருக்க வேண்டும். எல்லோரும் வலக்கை பேக்ஹேண்ட் (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது). வீச்சு 50 மீட்டரைத் தாண்டவில்லை. 0 டர்ன் (வேகமாகப் பறக்கையில் திரும்புவது; மைனஸ் கூடினால் வலப்பக்கம் அதிகம்), 3 ஃபேட் (வேகம் குறைகையில் இடப்பக்கம் சரிவது) உள்ள டிஸ்க்குகள் அந்த வேகத்துக்குச் சீக்கிரமே இடப்பக்கம் சரிந்துவிடுகின்றன. மூக்கு (முன் விளிம்பு) தூக்கியபடி விட்டால் எந்த டிஸ்க்கும் அப்படித்தான் விழும். அதைத் தனியாகத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு: இன்னோவா பேந்தர் (வேகம்/மிதப்பு/டர்ன்/ஃபேட்: 5/4/-2/1), இன்னோவா ஸ்டிங்ரே (4/5/-3/1). மெதுவான கைக்கு ஸ்டிங்ரேதான் நேராகப் போகும் என்று படுகிறது. தயக்கம் பிளாஸ்டிக்கில்தான். டிஎக்ஸ் (இன்னோவாவின் அடிப்படை பிளாஸ்டிக்) கைக்கு நன்றாகப் பிடிபடும், ஆனால் மரத்தில் மோத மோத விளிம்பு அடிபட்டு டர்ன் கூடிக்கொண்டே போகும். -3இல் தொடங்கினால், எதிர்க்காற்றில் வலப்பக்கம் கவிழ்ந்து தரையில் உருள எத்தனை நாள் பிடிக்கும்? எதிர்க்காற்றே டர்னைக் கூட்டிவிடுமே.

அதனால் டிஎக்ஸில் பேந்தர் எடுத்து, அது தேய்ந்து ஸ்டிங்ரே மாதிரி ஆகட்டும் என்று விடலாமா? இல்லை, சீக்கிரம் தேயாத சாம்பியன் பிளாஸ்டிக்கில் ஸ்டிங்ரேயே மேலா? எடை 165 கிராமா, 175ஆ? இலேசானது எளிதில் திரும்பும், காற்றிலும் அலையும். இரண்டையும் புதியவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தவர்கள், எடையும் பிளாஸ்டிக்கும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.